கம்மாய்ச் சட்டியும் கடல் சட்டியும்

ஏப்ரல் 15-ஆம் தேதி கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு விடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் நீட்டினார்கள். ஏறக்குறைய அதே நாட்களில்தான் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே சாணார்பட்டி, நத்தம் பக்கத்துக் கம்மாய்களில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றும். ஒரு விடியற்காலையில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் சேற்றில் இறங்குவார்கள். அன்றைக்குப் பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த மழைக்குக் கம்மாய் பெருகும் என்று நம்பிக்கை. கடலைச் சாத்துகிற மாதத்தில் இங்கே குளத்தைத் திறக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் மீன் குழம்புச் சண்டை உச்சத்துக்குப் போவதும் இந்த இரண்டு மாதத்தில்தான். அம்மா சாணார்பட்டிப் பக்கம் பிறந்தவர். வாக்கப்பட்டு வந்ததும் திண்டுக்கல்தான். அத்தை, அதாவது என் கணவரின் தாயார், தூத்துக்குடிக்காரர். மாமா இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார். அம்மா இரண்டு தெரு தள்ளி. ஒருவர் ‘மதினி’ என்பார், மற்றவர் ‘மைனி’ என்பார். மரியாதைக்குக் குறைவே கிடையாது. ஆனால் அடுப்பில் மண்சட்டி ஏறிவிட்டால் இருவர் பார்வையும் மாறிவிடும்.

“மீனு நல்லாத்தான் இருக்கு மைனி. ஆனா இத மீன் குழம்புன்னு சொல்லவா, புளிக்குழம்புன்னு சொல்லவா?” என்று அத்தை ஒருமுறை கேட்டார். அம்மா விடவில்லை. “உங்க குழம்பு மட்டும் என்னவாம் மதினி? மீன் கிடக்குற தேங்காச் சட்னி.” இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. எங்கே அந்த உண்மை இருக்கிறது என்று பார்க்கப்போய்த்தான், இரண்டு கைப்பக்குவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அம்மாவின் சட்டி முதலில். ஒரு கிலோ கட்லாவுக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், இருபது பல் பூண்டு, நான்கு தக்காளி, பெரிய எலுமிச்சை அளவுக்கு மேலே புளி, வீட்டில் திரித்த குழம்பு மிளகாய்ப்பொடி. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் சுருளச் சுருள வதக்கி, தக்காளியை மசித்து, பொடி போட்டு, புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுவார். அரை மணி நேரமாவது கொதிக்கும். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்போதுதான் மீன் உள்ளே போகும். கரண்டி போடமாட்டார், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவதோடு சரி. இறக்கிய பிறகு அன்றைக்குச் சாப்பிடுவது பேருக்குத்தான். மறுநாள் காலை இட்லிக்கு, மத்தியானம் சோற்றுக்கு என்று அந்தச் சட்டியின் வாழ்க்கை பிறகுதான் தொடங்கும்.

இதில் வருகிற சாமான் ஒவ்வொன்றும் திண்டுக்கல் வட்டாரத்து முகவரி உள்ளது. சின்ன வெங்காயம் ஊரைச் சுற்றி விளைந்து திண்டுக்கல் வெங்காயப் பேட்டைக்கு வருவது. புளி நத்தம் பக்கம். பூண்டு நல்லதாக வேண்டுமென்றால் மேலே கொடைக்கானல். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. கடற்கரையோ, எந்தப் பாதையில் போனாலும் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. இந்தக் குழம்பில் மீனின் பூர்வீகத்தைத் தவிர மற்றதெல்லாம் பக்கத்து ஊர்.

அத்தையின் சட்டி வேறு மாதிரி. அரை மூடித் தேங்காய், ஒரு கரண்டி சீரகம், பத்துச் சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாவற்றையும் வெண்ணெயாக அரைப்பார். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து அதோடு கூட்டி, உப்பு பார்த்து, பச்சையாகவே அடுப்பில் ஏற்றுவார். வதக்கல் கிடையாது. மாங்காய்க் காலமென்றால் புளியைப் பாதியாகக் குறைத்து மாங்காய்த் துண்டு. சில நாள் முருங்கைக்காய். பச்சை வாசனை போகிற அளவுக்கு ஒரு கொதி, மீன், இன்னும் ஐந்தாறு நிமிடம், இறக்கித் தாளிப்பு. மொத்தம் இருபது நிமிடம். சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். தேங்காய் சேர்ந்ததால் இரவுக்கு மேல் தாங்காது. தாங்க வேண்டும் என்றும் அத்தைக்கு எண்ணமில்லை. அவர் ஊரில் நாளைக்கு நாளைய மீன் வரும். தூத்துக்குடி விசைப்படகுகள் காலையில் போய் இரவில் கரைக்குத் திரும்பிவிடுபவை.

தேங்காய் கடற்கரைப் பொருள், அதனால் அங்கே தேங்காய், இங்கே இல்லை என்று சிலர் எளிதாக முடித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆத்தூர், அய்யம்பாளையம், வத்தலக்குண்டு என்று இந்தப் பக்கம் தென்னந்தோப்புக்கு என்ன குறை? அம்மா சாம்பாரைத் தவிர எல்லாவற்றிலும் தேங்காய் அரைக்கிற ஆள்தான். மீன் குழம்பில் மட்டும் அதைத் தள்ளி வைத்ததற்குக் காரணம், சட்டி நாளைக்கும் நிற்க வேண்டும் என்பது. கம்மாய் மீன் வருஷத்தில் சில நாள் மொத்தமாக வரும். வந்தால் அண்டாவில் வரும். வைத்துத் தின்கிற குழம்புக்குத் தேங்காய் ஆகாது.

அடுப்பில் நடப்பதை விட அதற்கு முன்னால் நடப்பதுதான் இரண்டு வீட்டுக்கும் பெரிய வித்தியாசம். அத்தை மீன் அரிவது பத்து நிமிட வேலை. செதில் எடுத்து, செவுளைப் பிடுங்கி, குடலை வழித்து, இரண்டு தண்ணீரில் அலசி முடித்துவிடுவார். அதிகம் கழுவினால் ருசி போய்விடும் என்று சொல்வார். அம்மாவுக்கு அது அரைப்பொழுது வேலை. கட்லாவைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, வயிற்றின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை நகத்தால் சுரண்டி எடுப்பார். அதை விட்டால் சட்டி முழுதும் கசக்கும். கெளுத்தி, விரால் என்றால் வழுவழுப்புப் போகச் சாம்பல். எல்லாம் முடிந்து அரிசி களைந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறல்.

அயிரை வாங்கிய நாளில் பார்க்க வேண்டும். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற மீன், விரல் நீளம்கூட இல்லை. உயிரோடுதான் வாங்க வேண்டும். அம்மா முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அகலச் சட்டியில் தண்ணீர் விட்டு அயிரையைக் கொட்டுவார். கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு கோடாக நெளியும். அரைமூடித் தேங்காயைப் பிழிந்து அந்தப் பாலை உள்ளே ஊற்றுவார். மீன் பாலைக் குடித்து, வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்கும். வெள்ளைப் பால் கொஞ்ச நேரத்தில் டீயின் நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கொட்டிவிட்டுக் கல்லுப்பைப் போட்டுச் சட்டென்று தட்டால் மூடுவார். உள்ளே மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். அது அடங்கிய பிறகு சட்டியின் சொரசொரப்பில் வைத்து உரசல், தண்ணீர், மறுபடி உரசல், மறுபடி தண்ணீர். ஏழு தண்ணீராவது மாறும். குடல் எடுக்க முடியாத மீன் என்பதால் தலையோடு, வாலோடு, முழுசாக அப்படியே குழம்புக்குப் போகும். அத்தை முதல்முறை இதைத் திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, “தேங்காய மீனுக்கு ஊட்டுதீய, குழம்புக்குப் போட மாட்டேங்கீய” என்றார். அதற்கு அம்மாவிடம் பதில் இருக்கவில்லை.

இவ்வளவு பாடும் ஒரே ஒரு வாடைக்காக. சேத்து வாடை, பாசி வாடை என்போமே, அதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். குளத்துப் பாசியும் மண்ணில் இருக்கும் சில நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. மீனின் கொழுப்பில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. கோடை மழை முதல் துளி விழுந்ததும் மண்வாசம் என்று மூக்கை நீட்டி இழுக்கிறோமே, அதிலும் முக்கியமான சரக்கு இதே ஜியோஸ்மின்தான். வாசலில் வந்தால் கவிதை எழுதுகிறோம், வாயில் வந்தால் துப்புகிறோம்.

கடல் மீனின் சங்கதி வேறு. உப்புத் தண்ணீரில் உயிர் வாழ்வதற்காக அதன் சதையில் ஒரு பொருள் சேர்ந்திருக்கும். உயிரோடு இருக்கும்வரை அதற்கு வாடையே கிடையாது. செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமீனாக மாற்றும். கவிச்சி என்று நாம் முகம் சுளிப்பது அதற்குத்தான். ஆக, குளத்து மீனின் வாடை உயிரோடு இருக்கும்போதே உள்ளே இருப்பது. கடல் மீனின் வாடை செத்த பிறகு மணிக்கணக்கில் ஏறுவது. ஒன்று பிறந்த இடத்தின் வாடை, மற்றது கடந்து வந்த தூரத்தின் வாடை.

இரண்டுக்கும் மருந்து புளி என்பதுதான் வேடிக்கை. புளிப்பு ஜியோஸ்மினைச் சிதைத்து வாடையில்லாத வேறொன்றாக ஆக்கிவிடும். டிரைமெத்திலமீனையோ உப்பாக மாற்றிக் குழம்புக்குள்ளேயே பிடித்து வைத்துவிடும். ஆவியாக எழும்பி மூக்குக்கு வராது. ஒரே புளி, இரண்டு சட்டியில் இரண்டு உத்தியோகம் பார்க்கிறது. அம்மாவின் பெரிய எலுமிச்சையும் அத்தையின் நெல்லிக்காயும் நாக்கு கேட்ட அளவு மட்டுமில்லை, மீன் கேட்ட அளவும்கூட.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டியை மாற்றினோம். அத்தை கட்லாவைத் தம் முறையில் தேங்காய் அரைத்து வைத்தார். அம்மா சீலாவைத் தம் முறையில் வைத்தார். கட்லா தேங்காயில் மிதந்தபடி, தான் எந்தக் கம்மாயில் வளர்ந்தேன் என்பதை வாய்க்கு வாய் சொன்னது. தேங்காயின் இனிப்பு சேத்து வாடையை மறைக்கவில்லை, எடுத்துக் காட்டியது. சீலாவின் கதி வேறு. கொதித்துச் சுண்டிய புளியில் விழுந்த அந்த விலை உயர்ந்த மீன் பஞ்சு மாதிரி ஆகி, எதைத் தின்கிறோம் என்றே தெரியவில்லை. என் மகள் இரண்டையும் ஒதுக்கிவிட்டு முட்டை பொரித்துக்கொண்டாள்.

சீலா என்று எழுதும்போதே ஒரு எச்சரிக்கை. தூத்துக்குடியில் சீலா என்றால் நெய்மீன், சென்னைக்காரர் சொல்லும் வஞ்சிரம். சென்னையில் ஷீலா என்று கேட்டால் வேறு மீன் தருவார்கள். கூரிய பல்லோடு நீளமாக இருக்கும், எங்கள் அத்தை ஊளி என்பது. சாளையும் மத்தியும் ஒன்று. திண்டுக்கல் மீன் மார்க்கெட்டில் எல்லாக் கடற்கரையின் பெயரும் ஒரே பலகையில் குழம்பிக் கிடக்கும். வந்த புதிதில் அத்தை சீலா கேட்டு ஏமாந்து திரும்பிய கதையை இன்னும் சொல்வார்.

குளத்து மீன்களின் பெயரில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அவற்றில் பாதி இந்த ஊர் மீனே இல்லை. சங்கப் பாட்டுகளிலேயே வருகிற அயிரையும் வராலும் நம்முடையவை. அம்மா ‘நம்ம ஊரு மீனு’ என்று உரிமை கொண்டாடுகிற கட்லாவும் ரோகுவும் கங்கைப் படுகை மீன்கள். குளத்தில் கட்டி வைத்தால் முட்டையிடாத சாதி அவை. 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டு மீனை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுகளைப் பண்ணையில் பெருக்கி நாடு முழுதும் அணையிலும் கம்மாயிலும் விட வழி பிறந்தது. அதனால்தான் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாள். ஜிலேபி கெண்டை அதற்கும் வெளியூர். ஆப்பிரிக்காவில் பிறந்து 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. விடாத குளத்திலும் இன்று அதுதான் நிறைய. ஆனால் வந்தேறி மீனையும் உள்ளூர்ப் புளியில் போட்டு உள்ளூராக்கிவிட்டார்கள். பாட்டி காலத்துக் குழம்பு என்று அம்மா சொல்வது குழம்பு வரைக்கும் உண்மை.

முள்ளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்லாவின் சதைக்குள் ஒய் வடிவத்தில் முள் ஒளிந்திருக்கும். சீலாவில் நடுமுள்ளோடு போச்சு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் வாதமே எழாது. இறாலும் நண்டும் இந்த ஒப்பீட்டுக்குள் வரவே வரா. வயல் நண்டு ரசம் தடுமனுக்கு. கடல் நண்டு விருந்துக்கு.

அத்தை இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் குழம்பில் நடந்ததை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். முதல் வருஷம் அவர் வைத்த குழம்பு தூத்துக்குடியில் வைத்த குழம்பாகவே இருந்தது. ஆனால் அந்த ருசி இல்லை. தண்ணீர் சரியில்லை, சட்டி சரியில்லை, கேஸ் அடுப்பு சரியில்லை என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டார். சரியில்லாதது மீன். நல்ல நாளில் அது முந்தின இரவு ஏலம் போய் லாரியில் வந்தது. மற்ற நாளில் நாள்கணக்கில் கடலில் தங்கும் படகின் ஐஸில் கிடந்து, பிறகு வண்டி ஐஸில் கிடந்து, பிறகு கடை ஐஸில் கிடந்தது. தடைக்காலத்தில் கேரளாவிலிருந்து வரும். ஜூனில் மேற்குக் கடலுக்கும் தடை வந்துவிட்டால் நாட்டுப்படகு மீன்தான், விலை கேட்டால் தலை சுற்றும். அத்தை செவுளைத் தூக்கி, “பூவப் பாரு, செங்கல் நிறத்துல கெடக்கு” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் வாங்குவார்.

கொஞ்சம் கொஞ்சமாக நெல்லிக்காய்ப் புளி எலுமிச்சைக்கு நகர்ந்தது. மூன்றாம் வருஷம் பூண்டு நுழைந்தது. முதலில் நாலு பல், அப்புறம் பத்து. தாளிப்பில் வெந்தயம் எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. “இது இந்த ஊரு மீனுக்கு. நாங்க பூண்டு போட மாட்டோம்” என்று பூண்டை உரித்துக்கொண்டே சொல்வார். கடற்கரைச் சமையல் முறை மதுரையைத் தாண்டி மேலே வந்தால் கடற்கரை முறையாக இருக்க முடியாது. ஓட்டல் பலகையில் ‘தூத்துக்குடி மீன் குழம்பு’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும். பக்குவத்தைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து விடலாம். அது எந்த மீனுக்காகப் பிறந்ததோ, அந்த மீனைக் கொண்டுவர முடியாது.

அப்படியானால் ஐஸில் படுத்து வந்த கடல் மீனுக்கு அம்மாவின் குழம்புதான் பொருத்தமா? பாதி. சாளை, அயிலை மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மீனுக்கு அந்தப் புளியும் பூண்டும் பிரமாதம். மறுநாள் இன்னும் பிரமாதம். சீலா, பாறை மாதிரி மீனுக்கு அந்தக் கொதி ஆகாது. வறுத்துவிடலாம்.

இரண்டு சட்டியும் ஒரே இடத்தில் சந்திப்பது கருவாட்டில். லாரியும் ஐஸும் வருவதற்கு முன்னால் அம்மாவின் ஊருக்குக் கடல் வந்தது கருவாடாகத்தான். நெத்திலி, வாளை, திருக்கை என்று நாகல்நகர் வாரச்சந்தையில் வாங்கி, பானையில் போட்டு வேடு கட்டி வைப்பார்கள். மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு முன்னால் அத்தை வாய் திறப்பதில்லை. அத்தைக்குச் சின்ன வயதில் கருவாடு என்றால் விற்காமல் மிஞ்சியது, மழைக்காலத்துக்கு ஒதுக்கியது. அதைப் போய் இவ்வளவு மரியாதையாகச் சமைப்பார்கள் என்று அவர் கண்டதில்லை. மொச்சை ஊறப்போடுவதை முந்தின நாளே நினைவுபடுத்துபவர் இப்போது அவர்தான்.

போன மே மாதம் அம்மாவின் ஊர்க் கம்மாயில் மீன்பிடித் திருவிழா. என் தம்பி இடுப்பு வரை சேறோடு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். நாலைந்து விரால். விரால் காற்றை மூச்சிழுக்கத் தெரிந்த மீன். தண்ணீர் குறைந்தாலும் சட்டென்று சாகாது. பதினைந்து கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வந்தும் வாளிக்குள் வாலை அடித்துக்கொண்டிருந்தது. அத்தை குனிந்து பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத மீனை இந்த ஊரில் அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது. “மைனி, இதுல பாதிய நான் வைக்கட்டா?” என்றார்.

அம்மா சாம்பல் போட்டு உரசி, கழனித் தண்ணீரில் நாலு முறை அலசி, துண்டு போட்டுக் கொடுத்தார். பிறகு, கேட்காமலே ஒரு தேங்காயை உடைத்து மூடியை நீட்டினார். வாசலில் கிளிமூக்கு மாங்காய் கிடந்தது. அத்தை புளியைப் பாதியாகக் குறைத்து, பூண்டை ஒதுக்கிவிட்டு, மாங்காயைக் கீறிப் போட்டுப் பழைய கணக்கில் கூட்டினார். பக்கத்து அடுப்பில் அம்மாவும் அன்று கொஞ்சம் கை சுருக்கிப் புளி கரைத்ததை நான் பார்த்தேன். கொதியும் அரை மணியை எட்டவில்லை.

மறுநாள் காலை இட்லி வேகும்போது அம்மா வந்தார். நேரே அடுப்படிக்குப் போய்த் தம் சட்டியைத் தேடினார். வழித்துக் கவிழ்த்திருந்தது. அத்தையின் சட்டியும் அதன் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது.

“நாளைக்கு இல்லாத குழம்பெல்லாம் ஒரு குழம்பா?” என்று முணுமுணுத்துக்கொண்டே சட்னிக்குப் பொட்டுக்கடலை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.